விமான உற்பத்தியாளர்களின் திட்டக் கணக்கியல்: முதல் விமானங்களின் செலவு எப்போது இலாப நட்டக் கணக்குக்கு வருகிறது?

பேரேடு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். போயிங், ஏர்பஸ் ஆகிய இரு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்து வருகிறேன். கணக்கியலில் அடிப்படைப் பயிற்சி உண்டு. ஆனால் ஓரிடத்தில் தெளிவு கிடைக்கவில்லை.

புதிய விமானத்தின் தொடக்கப் பிரதிகளைத் தயாரிக்க விற்பனை விலையைவிடப் பல மடங்கு செலவாகும் என்பது தெரிந்ததே. ஏர்பஸ் ஏ350 விமானத்தை 2014 டிசம்பரில் முதன்முதலாக ஒப்படைத்தது. அந்தத் திட்டம் 2019இல்தான் வரவும் செலவும் சமமாகும் நிலையை எட்டியதாக அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அது இலாபத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது வெளிப்படையாகவே தெரிந்தது. போயிங் 787 விமானமோ 2011 செப்டம்பரில் முதல் வாடிக்கையாளருக்குச் சென்றது. அப்போது ஒவ்வொரு விமானத்திலும் பெருந்தொகை கையைக் கடித்ததை எல்லோரும் அறிவார்கள். ஆனாலும் காலாண்டு அறிக்கைகளில் அந்த விமானங்கள் சிறிய அளவிலாவது இலாபம் தருவனவாகவே பதிவாயின. அதே வேளையில் இருப்புநிலைக் குறிப்பில் ‘ஒத்திவைத்த உற்பத்திச் செலவு’ என்றொரு தொகை காலாண்டுக்குக் காலாண்டு வளர்ந்து, 2015ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 2,850 கோடி டாலரைத் தொட்டது.

செலவழித்து முடித்த பணம் எப்படிச் சொத்தாக நிற்க முடியும்? இது விதிக்கு உட்பட்டதுதானா? முதலீட்டாளர் இந்த இலாப எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தணிக்கைமேசை (மறுமொழி):

நல்ல கேள்வி. முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கணக்கியல் நடைமுறை, வணிக விமானம் போன்று பெருஞ்செலவில் நீண்ட காலம் தயாரிக்கப்படும் பொருள்களுக்குத் திட்டக் கணக்கியல் என்ற முறையை அனுமதிக்கிறது. இதன்படி அடக்கவிலையைக் கணக்கிடுவதற்கான அலகு தனியொரு விமானம் அன்று. நிறுவனம் நியாயமாக எதிர்பார்க்கும் ஒரு தொகுதி விமானங்கள் முழுவதும் சேர்ந்ததே அலகு. அந்தத் தொகுதியின் அளவைக் கணக்கீட்டு எண்ணிக்கை என்பார்கள். தொகுதி முழுவதற்கும் வரப்போகும் வருவாயையும் ஆகப்போகும் உற்பத்திச் செலவையும் மதிப்பிட்டு, அதிலிருந்து சராசரி இலாப விகிதத்தைக் கண்டு, ஒப்படைக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் அதே விகிதத்தைப் பதிவு செய்கிறார்கள்.

கற்பனையான எண்களை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். கணக்கீட்டு எண்ணிக்கை 400 விமானங்கள், ஒன்றின் விலை 10 கோடி டாலர், 400 விமானங்களுக்கும் சேர்த்து மதிப்பிட்ட செலவு 3,400 கோடி டாலர் என்று கொள்வோம். மொத்த வருவாய் 4,000 கோடி என்பதால் இலாப விகிதம் 15 விழுக்காடு. விமானம் ஒன்றின் சராசரி அடக்கவிலை 8.5 கோடி. முதல் விமானத்துக்கு உண்மையில் 20 கோடி செலவானாலும் விற்பனைச் செலவாகப் பதிவாவது 8.5 கோடிதான். மீதமுள்ள 11.5 கோடி சரக்கிருப்பில் ஒத்திவைத்த உற்பத்திச் செலவாகத் தங்கிவிடும். பிற்காலத்தில் ஒரு விமானத்தை 6 கோடியில் தயாரிக்க முடியும்போதும் 8.5 கோடியே செலவாகப் பதிவாகும், அந்த 2.5 கோடி வேறுபாடு இப்படி ஒத்திவைத்த பழைய பாக்கியைக் கரைக்கும். நானூறாவது விமானம் ஒப்படைக்கப்படும்போது பாக்கி சுழியாக வேண்டும் என்பதே ஏற்பாடு.

ஆகவே ‘செலவழித்து முடித்த பணம் எப்படிச் சொத்தாகும்’ என்ற கேள்விக்கு முறையின் விடை இதுதான்: இனி விற்கப்போகும் விமானங்கள் அந்தச் செலவை மீட்டுத் தரும் என்ற மதிப்பீடு இருக்கும்வரை அது சொத்தாகக் கருதப்படும். அந்த மதிப்பீட்டுக்குப் பின்னால் ஆணைப் புத்தகம் (வாடிக்கையாளர்கள் தந்துள்ள கொள்முதல் ஆணைகளின் பட்டியல்), எதிர்காலச் சந்தைக் கணிப்பு, விலை உயர்வு விதிகள், உதிரிபாக வழங்குநர்களோடு செய்த ஒப்பந்தங்கள், தொழிலாளர் ஊதியம் ஆகிய எல்லாம் இருக்கின்றன. கணக்கீட்டு எண்ணிக்கை, கைவசமுள்ள உறுதியான ஆணைகளைவிட அதிகமாகவும் இருக்கலாம். அதாவது, இன்னும் வாங்குபவர் யாரென்றே தெரியாத விமானங்களும் இன்றைய இலாபக் கணக்கில் பங்கு பெறலாம்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது மதிப்பீடு மாறும்போது நடப்பதுதான். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் 100 விமானங்களை ஒப்படைத்த பின் மொத்தச் செலவு மதிப்பீடு 200 கோடி உயர்ந்து 3,600 கோடி ஆகிவிட்டது என்போம். முன்பே பதிவான 15 விழுக்காட்டைத் திருத்துவதில்லை. மாற்றம் முழுவதையும் மீதி 300 விமானங்கள் சுமக்கும். பதிவாகிவிட்ட செலவு 850 கோடி. எஞ்சிய செலவு 2,750 கோடி. எஞ்சிய வருவாய் 3,000 கோடி. எனவே இனிவரும் விமானங்களின் இலாப விகிதம் சுமார் 8.3 விழுக்காடாகக் குறையும்.

இப்போது எதிர்த்திசையில் பாருங்கள். செலவு மதிப்பீடு மாறவில்லை; ஆனால் விற்பனை நன்றாக இருக்கிறது என்று கருதி நிர்வாகம் கணக்கீட்டு எண்ணிக்கையை 400இலிருந்து 500ஆக உயர்த்துகிறது. புதிதாகச் சேரும் 100 விமானங்கள் தலா 6 கோடியில் உருவாகும் என்று மதிப்பிட்டால், எஞ்சிய வருவாய் 4,000 கோடியாகவும் எஞ்சிய செலவு 3,150 கோடியாகவும் ஆகும். இலாப விகிதம் 15இலிருந்து 21 விழுக்காட்டுக்கு மேல் தாவும். தொழிற்கூடத்தில் அன்று எதுவும் மாறவில்லை. ஒரு திருகு கூடக் கூடுதல் திறமையோடு முடுக்கப்படவில்லை. மாறியது மதிப்பீடு ஒன்றே. இது முறைகேடு அன்று. விதி இதை அனுமதிக்கிறது. ஆனால் எண்ணிக்கை மாறிய காலாண்டில் அறிக்கையின் அடிக்குறிப்பைப் படிக்காமல் இலாபத்தை மட்டும் ஒப்பிடுபவர் நிச்சயமாகத் தவறான முடிவுக்கு வருவார்.

கற்றல்வளை (மறுமொழி):

மேலே எழுதியவர் விதியைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்த முறை ஏன் உருவானது என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இதை வெறும் இலாபத்தை ஊதிப் பெருக்கும் வித்தையாகப் பார்ப்பது நியாயமாகாது.

விமானப் பொறியாளர் டி. பி. ரைட் 1936இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஓர் ஒழுங்கைச் சுட்டிக்காட்டினார். தயாரித்த விமானங்களின் மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு முன்பிருந்ததில் ஏறத்தாழ 80 விழுக்காடாகக் குறைகிறது. இந்தக் கணக்கைத் தொடர்ந்து போட்டுப் பார்த்தால், 64ஆவது விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு முதல் விமானத்துக்குத் தேவைப்பட்டதில் கால் பங்கைச் சற்றே தாண்டும் அளவுதான். அப்படியானால் முதல் விமானத்துக்குச் செலவான உழைப்பு முழுவதும் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் உரியதா? அங்கே தொழிலாளர் கற்றுக்கொண்டது, கருவிகள் சீரானது, பாகங்கள் வரும் வரிசை ஒழுங்குபட்டது ஆகியவற்றின் பயனைப் பின்னால் வரும் அத்தனை விமானங்களும் அனுபவிக்கின்றன. செலவையும் பயனையும் பொருத்திக் காட்டுவதே கணக்கியலின் பணி என்று நம்புகிறவருக்குத் திட்டக் கணக்கியல் முற்றிலும் இயல்பான முறையாகவே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, கற்றல் உண்மையிலேயே நடக்கிறது என்ற நிபந்தனையோடு.

அந்த நிபந்தனை 787 திட்டத்தில் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. விமானத்தின் பெரும்பகுதிகளைப் பல நாடுகளில் உள்ள வழங்குநர்கள் கட்டி முடித்து அனுப்ப, போயிங் அவற்றை இணைக்கும் என்பது திட்டம். பகுதிகள் முடிவுறாமல் வந்தன. பிணைப்பாணிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் வலுவூட்ட வேண்டிய நிலை 2009இல் வந்தது. முதல் ஒப்படைப்பு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாமதமாயிற்று. கட்டி முடித்த விமானங்களைப் பிரித்து மறுபடியும் வேலை செய்யும்போது செலவாகும் மணிநேரம் கற்றலைச் சேர்ந்ததன்று. ஆனால் கணக்கில் இரண்டும் ஒரே பாக்கித் தொகையில் போய்ச் சேர்கின்றன. வெளியிலிருந்து படிப்பவருக்கு இவற்றைப் பிரித்தறிய வழியில்லை என்பதே இம்முறையின் மிகப் பெரிய குறை என்று நான் கருதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. 787 திட்டத்தின் தொடக்கக் கணக்கீட்டு எண்ணிக்கை 2011இல் 1,100 என்று வைக்கப்பட்டது. 2013இல் 1,300ஆக உயர்த்தப்பட்டது. 2015ஆம் ஆண்டின் இறுதிவரை ஒப்படைக்கப்பட்டவை 363. அப்படியெனில் 2,850 கோடி டாலர் பாக்கியை எஞ்சிய 937 விமானங்கள் மீட்க வேண்டியிருந்தது. விமானம் ஒன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3 கோடி டாலர். அகன்ற உடல் விமானங்களின் விலைக்கு இது எட்டாத தொகை அன்று. எளிதில் கிடைக்கும் தொகையும் அன்று. 2016 முதல் பாக்கி குறையத் தொடங்கியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பேரேடு:

இருவருக்கும் மிக்க நன்றி. 937 விமானங்களுக்கு 3 கோடி என்ற கணக்கு எனக்குப் பல நாள் குழப்பத்தைத் தீர்த்தது. ஆனால் அந்த மதிப்பீடு பொய்த்துப் போனால் என்ன ஆகும்? எஞ்சிய விமானங்களால் பாக்கியை மீட்கவே முடியாது என்று தெரியவரும்போது நட்டமும் ஒத்திவைக்கப்படுமா?

முதலீட்டுவாசகன் (மறுமொழி):

இல்லை, நட்டத்துக்கு ஒத்திவைப்பு கிடையாது. தொகுதி முழுவதற்குமான செலவு, முழுவதற்குமான வருவாயைத் தாண்டும் என்று மதிப்பீடு காட்டிய அதே காலாண்டில், எதிர்கால விமானங்களின் நட்டமும் சேர்ந்து ஒரே அடியாகப் பதிவாக வேண்டும். இலாபம் ஆண்டுகள் நெடுகப் பரவி வரும். நட்டம் ஒரே நாளில் வரும். இதனால்தான் இந்தத் துறையின் வருவாய் வரைபடங்களில் நீண்ட சமவெளியும் திடீர்ப் பள்ளமும் மாறி மாறித் தெரிகின்றன.

போயிங்கின் 747-8 திட்டத்துக்கு 2009இன் மூன்றாம் காலாண்டில் சுமார் 100 கோடி டாலர் நட்டம் இப்படிப் பதிவானது. அதன் பிறகும் அந்தத் திட்டம் மறுபடி மறுபடி நட்டம் காட்டியது. 777எக்ஸ் விமானத்துக்கு 2020இன் கடைசிக் காலாண்டில் 650 கோடி டாலரும், முதல் ஒப்படைப்பு மேலும் தள்ளிப்போனதால் 2025இன் மூன்றாம் காலாண்டில் 490 கோடி டாலரும் பதிவாயின. அந்த இரண்டு காலாண்டுகளிலும் ஒரு 777எக்ஸ் கூட வாடிக்கையாளரிடம் சென்றிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வருங்கால விமானங்களின் நட்டம் முன்கூட்டியே வந்து சேர்ந்தது.

கணக்கீட்டு எண்ணிக்கைக்கு வெளியே தள்ளப்படும் செலவுகளையும் தேடிப் படிக்க வேண்டும். 787இன் முதல் மூன்று சோதனை விமானங்களை விற்க முடியாது என்று தெரிந்ததும், அவற்றின் செலவு 2009இல் சரக்கிருப்பிலிருந்து ஆராய்ச்சிச் செலவுக்கு மாற்றப்பட்டது. தொகை சுமார் 250 கோடி டாலர். 2016இல் மேலும் இரு சோதனை விமானங்களுக்கு அதே முடிவு எடுக்கப்பட்டு, சுமார் 120 கோடி டாலர் ஒரே காலாண்டில் செலவாயிற்று. பல ஆண்டுகள் சொத்தாக இருந்தவை ஒரு வகைமாற்றத்தில் செலவாகின. அதே 2016 பிப்ரவரியில், போயிங் திட்டக் கணக்கியலைப் பயன்படுத்தும் விதத்தை அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் ஆராய்வதாகச் செய்தி வெளியாகி, பங்கின் விலை அன்றே சரிந்தது. சந்தைக்கும் இதே ஐயம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரு விபத்துகளுக்குப் பின் விமானம் பறக்கத் தடை செய்யப்பட்ட 737 மேக்ஸ் நெருக்கடி இந்த வேறுபாடுகளையெல்லாம் சேர்த்துக் காட்டியது. 2019இன் இரண்டாம் காலாண்டில், விமானங்களைப் பெற முடியாமல் தவித்த விமான நிறுவனங்களுக்குத் தரவேண்டிய சலுகைகளுக்காக 560 கோடி டாலர் வருவாயிலிருந்து உடனே கழிக்கப்பட்டது. தயாரிப்பு வேகம் குறைந்ததால் கூடிய உற்பத்திச் செலவு 170 கோடி டாலரோ அப்படிக் கழிக்கப்படவில்லை. அது கணக்கீட்டு எண்ணிக்கையில் எஞ்சிய விமானங்கள் மீது பரவி, வருங்கால இலாப விகிதத்தைக் குறைத்தது. பின்னர் 2020 ஜனவரியில் தயாரிப்பே நிறுத்தப்பட்டபோது, அந்தக் காலத்துச் செலவுகள் வழக்கத்துக்கு மாறான உற்பத்திச் செலவாகக் கருதப்பட்டு, ஆகும்போதே இலாப நட்டக் கணக்குக்கு வந்தன. ஒரே நெருக்கடி, ஒரே விமானம், மூன்று வகையான பதிவுகள். தலைப்புச் செய்தியில் வந்த எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த 170 கோடி கண்ணிலேயே பட்டிருக்காது.

தணிக்கைமேசை:

ஏர்பஸ் பக்கத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. கேள்வியின் பாதி அதுதானே.

ஐரோப்பிய நிறுவனங்கள் பின்பற்றும் பன்னாட்டு நிதி அறிக்கைத் தரங்களில் திட்டக் கணக்கியலுக்கு இடமில்லை. சரக்கிருப்பை, அதன் அடக்கவிலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் தொகை ஆகிய இரண்டில் எது குறைவோ அந்த மதிப்பில்தான் காட்ட வேண்டும் என்கிறது அத்தரங்களுள் ஒன்றான ஐஏஎஸ் 2. எனவே 20 கோடியில் உருவாகி 10 கோடிக்கு விற்கப்படும் விமானத்தின் மிகைச் செலவைப் பின்னால் வரும் விமானங்களின் தலையில் ஏற்ற முடியாது. ஒப்பந்தமே நட்டத்தில் முடியும் என்று தெரிந்தால் ஐஏஎஸ் 37இன்படி அந்த நட்டத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கு உருவாக்க வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது, பன்னாட்டுத் தரங்களையே பின்பற்றிய கனடா நிறுவனமான பாம்பார்டியரின் சி சீரிஸ் விமானத் திட்டம். 2016இன் இரண்டாம் காலாண்டில் டெல்டா, ஏர் கனடா, ஏர்பால்டிக் ஆகிய மூன்று நிறுவனங்களின் ஆணைகள் உறுதியானபோது, அந்தத் திட்டத்துக்கு அது பெரிய வெற்றி. ஆனால் தொடக்க விமானங்கள் அடக்கவிலைக்குக் கீழே விற்கப்படுவதால், அதே காலாண்டில் சுமார் 50 கோடி டாலருக்கு நட்ட ஒதுக்கைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஆணை வந்ததாலேயே நட்டம் கூடியது. அமெரிக்க முறையில் அதே ஆணைகள் கணக்கீட்டு எண்ணிக்கைக்கு வலுச் சேர்த்திருக்கும்.

இதை வைத்து அமெரிக்க முறை தளர்வானது, பன்னாட்டு முறை கண்டிப்பானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வடிவமைப்பு, மேம்பாடு ஆகியவற்றின் செலவில் நிலைமை தலைகீழ். 1974இல் வந்த தரத்தின்படி அமெரிக்க நிறுவனங்கள் ஆராய்ச்சி மேம்பாட்டுச் செலவை ஆகும்போதே கழித்துவிட வேண்டும்; ஒத்திவைக்க முடியாது. பன்னாட்டுத் தரமான ஐஏஎஸ் 38 சில நிபந்தனைகள் நிறைவேறியபின் மேம்பாட்டுச் செலவைச் சொத்தாக்கச் சொல்கிறது. பின்னர் ஒப்படைப்புகள் நடக்க நடக்க அது கரையும். சி சீரிஸ் திட்டத்தில் அப்படிச் சேர்ந்திருந்த சொத்தில்தான் 2015இன் மூன்றாம் காலாண்டில் 320 கோடி டாலர் மதிப்பிழப்பு பதிவானது. ஆக, ஒரு முறை தொழிற்கூடத்தின் செலவை ஒத்திவைக்கிறது. மற்றொன்று வரைபலகையின் செலவை ஒத்திவைக்கிறது. இரு நிறுவனங்களின் இலாப விகிதத்தை நேருக்கு நேர் ஒப்பிடும் பகுப்பாய்வுகளைப் படிக்கும்போது இந்த இரண்டு திருத்தங்களும் செய்யப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். செய்யப்படவில்லை என்றால் மேலே படிக்க வேண்டிய தேவையில்லை.

விமான இயந்திரத் தயாரிப்பாளர்களிடமும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு. இயந்திரத்தை நட்டத்துக்கு விற்றுப் பல ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஈட்டுவது அவர்களின் வணிக முறை. ரோல்ஸ்ராய்ஸ் முன்பு இரண்டையும் இணைத்துக் கணக்கிட்டு விற்பனையின்போதே இலாபத்தின் ஒரு பகுதியைக் காட்டி வந்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த, வருவாய்ப் பதிவுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 15 அந்த வழியை அடைத்தது.

பேரேடு:

மீண்டும் நன்றி. ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. 777எக்ஸ் நட்டம் முன்பே பதிவாகிவிட்டது என்றால், அந்த விமானங்கள் ஒப்படைக்கப்படும்போது இலாபம் தெரியுமா? மேலும் அறிக்கையில் நான் எதை முதலில் தேட வேண்டும்?

முதலீட்டுவாசகன்:

நான் முதலில் தேடுவது பணப்பாய்வு அறிக்கையை. ஒத்திவைத்த செலவு இலாபத்திலிருந்து மறைந்தாலும் பணப்பாய்வில் மறைய முடியாது. வழங்குநருக்கும் தொழிலாளருக்கும் பணம் போயே தீரும். அதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. விமானம் வாங்குவோர் தயாரிப்பின்போது முன்பணமாகச் சிறிது சிறிதாகச் செலுத்தி, விலையின் பெரும்பகுதியை ஒப்படைப்பின்போது தருகிறார்கள். எனவே ஆணைகள் குவியும் ஆண்டில் முன்பணத்தால் பணப்பாய்வு நன்றாகத் தோன்றும். ஒப்படைப்பு தடைபடும் ஆண்டில், தொழிற்கூடம் முழுமூச்சில் இயங்கினாலும் பணம் வராது. 2019 மார்ச்சில் 737 மேக்ஸ் பறக்கத் தடை செய்யப்பட்ட பிறகு அந்த ஆண்டு முழுவதும் நடந்தது இதுதான்.

அடுத்து, சரக்கிருப்புக் குறிப்பில் திட்டவாரியாக ஒத்திவைத்த உற்பத்திச் செலவும், கரைக்கப்படாத கருவிச் செலவும் தனித்தனியே இருக்கும். அவற்றை அந்தக் காலாண்டின் ஒப்படைப்பு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு விமானத்துக்கு எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பது மூன்று நான்கு காலாண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் புலப்படும். கணக்கீட்டு எண்ணிக்கை, அதில் இன்னும் ஒப்படைக்கப்படாதவை, அவற்றுள் உறுதியான ஆணை உள்ளவை ஆகிய மூன்றையும் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். பாக்கியில் எவ்வளவு உறுதியான ஆணைகளால் மீட்கப்படும், எவ்வளவு இனி வரவேண்டிய ஆணைகளை நம்பியிருக்கிறது என்பதை நிறுவனமே அடிக்குறிப்பில் சொல்வதுண்டு. இரண்டாவது தொகை வளர்ந்தால் நான் கவலைப்படுவேன்.

கற்றல்வளை:

777எக்ஸ் பற்றிய ஐயத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். நட்டம் பதிவான திட்டத்தின் விமானங்கள் ஒப்படைக்கப்படும்போது, மதிப்பீடு மேம்படாதவரை, வருவாயும் செலவும் சமமாகவே பதிவாகும்; இலாபமும் இராது, புதிய நட்டமும் இராது. ஆனால் வாடிக்கையாளர் செலுத்தும் தொகை உண்மையானது என்பதால் பணம் உள்ளே வரும். ஆகவே 777எக்ஸ் ஒப்படைப்புகள் பெருகும் ஆண்டுகளில் வணிக விமானப் பிரிவின் விற்பனை உயர்ந்து, இலாப விகிதம் கீழே இழுக்கப்பட்டு, பணப்பாய்வு மட்டும் மேம்படக்கூடும். அந்த ஆண்டுகளின் இலாப விகிதத்தை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டுமானால், சுழி இலாபத்தில் பதிவாகும் அந்த வருவாயைத் தனியே பிரித்துவிட்டு எஞ்சியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.